பக்கத்துக் காம்பரா

போன மாதம் தர்ஷினி தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் ஓய்வுபெற்றபின் என் மேசையில் வந்து உட்கார்ந்தவள். சிறையிலிருந்து விடுதலையாகி வருகிறவர்களின் விவரங்கள் இப்போது நேராகக் கணினிக்கே வந்துவிடுகின்றனவாம்.

"அடையாள அட்ட, கிளினிக் விவரம், குடும்பம் எல்லாம் ஸ்கிரீன்லயே இருக்கு மிஸ். இருந்தும் வீட்டப் போய்ப் பாக்கணுமா? உடப்புசல்லாவப் பக்கம் ஒரு வீடு பாக்கப் போனா ஒரு நாளே போயிருதுதானே."

நான் பதில் சொல்லத் தொடங்கி, சன்னாசியின் பெயரில் போய் நின்றுவிட்டேன். அது தொலைபேசியில் சொல்லி முடிகிற விஷயமில்லை. அதனால் எழுதுகிறேன்.

ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, படித்து, பரீட்சை எழுதி, சமூக சேவைப் பிரிவுக்கு வந்தவள் நான். பயிற்சியில் சுற்றறிக்கை படிக்கச் சொல்லித்தந்தார்கள். மீதி எல்லாம் பரமநாதன் ஐயாவிடம் கற்றது.

பரமநாதன் ஐயா எங்கள் பிரிவின் தலைமை உத்தியோகத்தர். யாழ்ப்பாணத்துக்காரர். நுவரெலியாக் குளிர் அவருக்குக் கடைசிவரை ஒத்துவரவில்லை; சாம்பல் நிற மப்ளரைக் கழுத்தில் சுற்றியபடிதான் கோப்புகளைப் பார்ப்பார். குரலை உயர்த்தியதே கிடையாது. விடுதலையாகி வந்தவரை மேசைக்கு எதிரே உட்காரவைக்க மாட்டார். தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் போய், இருவரும் ஜன்னலைப் பார்க்கிற மாதிரி உட்காருவார். தேநீர் வரும். அது பாதி இறங்கியபின் முதல் கேள்வி வரும். பெயரும் அல்ல, வழக்கும் அல்ல.

"இண்டைக்கு இரவு எங்க படுப்பீங்கள்?"

அதற்குப் பதில் கிடைத்தால்தான் மற்றவை. உள்ளே தொடங்கிய மருந்து ஏதாவது பாதியில் நிற்கிறதா என்று பார்ப்பார். அதை எந்த ஆஸ்பத்திரி கிளினிக்கில் தொடர்வது என்று அங்கேயே தொலைபேசியில் பேசி முடிப்பார். அதன்பிறகு கிராம சேவகரின் வதிவிடச் சான்று, அடையாள அட்டை. மாத உதவிப்படி எல்லாவற்றுக்கும் கடைசி. "மருந்தைப் பிடியும் பிள்ளை. மருந்து விட்டுப்போனால் மிச்சத்தை ஆருக்குக் குடுக்கப்போறீர்?" என்பார்.

அவர் எனக்குக் காட்டிய இன்னொன்று கதவு. வருகிறவர்கள் கதவைத் தாங்களாகத் திறக்க மாட்டார்கள். தட்டவும் மாட்டார்கள். யாராவது திறக்கும்வரை அதன் முன்னால் நிற்பார்கள். ஒருநாள் காலை பனிமூட்டத்தில் அலுவலகப் படியேறியபோது, சாத்திய கதவுக்கு ஒரு முழம் தள்ளி ஒரு மனிதர் நின்றிருந்தார். தோளில் பனித்துளி கோத்திருந்தது. எப்போது வந்தார் என்று கேட்டேன். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் கதவைத் திறந்த பிறகும், "உள்ளுக்கு வாங்க" என்று சொல்லும்வரை அவர் கால் நகரவில்லை.

நானுஓயாவில் விடுதலையான ஒரு பெண்ணை வீட்டில் கொண்டுபோய்விட்டபோது, மகன்மார் இருவரும் அவளைத் திட்டவுமில்லை, தடுக்கவுமில்லை. அவள் நின்ற இடத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள், நாற்காலியைச் சுற்றிப் போவதுபோல. அவளே என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "மிஸ், நான் ஒங்க கண்ணுக்குத் தெரியிறேன்தானே?" அவளை வேறிடத்தில் சேர்த்தோம். அந்தக் கேள்வி மட்டும் சில நாள் என்னோடு பஸ்ஸில் வந்துபோனது.

சன்னாசி இதற்கெல்லாம் பிறகு வந்தவர்.

ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒடுங்கிய உடம்பு. சிறையில் காசநோய் கண்டுபிடித்து மருந்து தொடங்கியிருந்தார்கள். கையில் மாத்திரைப் பொட்டலமும் மார்பு நோய் கிளினிக்குக்கு ஒரு கடிதமும் இருந்தன. பல வருடங்களுக்கு முன்னால், ஒரு தீபாவளிக்கு மறுநாள், ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக நிற்கும் லயத்தின் பின்னால் ஓடும் சாக்கடைக் கானில் யார் குப்பை அடைத்தது என்று தொடங்கிய வாய்ச்சண்டையில், குடிபோதையில், பக்கத்துக் காம்பரா வேலுவைத் தேயிலை வெட்டும் கவாத்துக் கத்தியால் வெட்டியவர். வேலு அன்றே இறந்துவிட்டார்.

நான் ஐயாவைப் போலவே பக்கத்தில் உட்கார்ந்து முதல் கேள்வியைக் கேட்டேன்.

"என் காம்பராவுலதான் மிஸ்," என்றார் சன்னாசி. "நேத்தும் அங்கதான் படுத்தேன். பயமில்ல. பக்கத்துல ஆள் இருக்கு."

கிராம சேவகரிடம் பேசியபோதுதான் விஷயம் தெரிந்தது. சன்னாசி சொன்ன இடம் மேட்டு லயம். உடப்புசல்லாவைக்குப் போகிற வழியில் ஒரு தோட்டத்தின் மேல் பிரிவில் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் அதற்கு மேலிருந்த மலையில் வெடிப்பு விழுந்து, எல்லாரையும் எழுப்பிக் கீழே பாதையோரப் புது வீடுகளுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கரண்டும் வெட்டியாயிற்று.

"அங்க ஒரு குஞ்சு குருமான்கூட இல்ல மிஸ்," என்றார் கிராம சேவகர். "சனமே இல்லாத எடத்துக்கு நான் எப்படிச் சான்று குடுக்கிறது?"

சான்று இல்லாமல் உதவிப்படி இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல் மாத்திரை. காசநோய் மாத்திரையை ஒவ்வொரு நாளும் இன்னொருவர் கண்முன்னால் விழுங்க வேண்டும், ஆறு மாதம். நடுவில் விட்டால் நோய் மருந்துக்கு மடங்காது. தோட்ட ஆஸ்பத்திரி தூரத்தில். தினமும் இறங்கி ஏற அவருக்கு மூச்சு இல்லை. புது வீடுகளில் அவருடைய தங்கை இருந்தாள். கதவைப் பாதி திறந்து, "எங்களுக்கு அப்படி ஒரு ஆள் இல்லீங்க" என்று சொல்லி மூடிக்கொண்டாள். மற்ற வீடுகளில் அதைச் சொல்லக்கூடக் கதவு திறக்கவில்லை.

நான் ஏறிப் போனேன். பாதை புல் மூடிக்கிடந்தது. தேயிலை வெட்டப்படாமல் ஆளுயரத்துக்கு வளர்ந்து இரு பக்கமும் சுவராக நின்றது. பிற்பகல்தான், ஆனால் மூட்டம் இறங்கியிருந்தது. லயம் முதலில் தெரியவில்லை. கூரைத் தகரம் காற்றில் உரசுகிற ஓசைதான் வந்தது. பிறகு வரிசையாகக் கதவுகள். சிலவற்றில் பலகை இல்லை. ஒன்றின் படியில் சிறுபிள்ளையின் ஒற்றைச் செருப்பு பாசி பிடித்துக் கிடந்தது.

சன்னாசி வாசலில் எனக்காக நின்றிருந்தார். நான் வருவதாகச் சொல்லியனுப்பவில்லை.

"சத்தமா பேசாதீங்க மிஸ்," என்றார். "தூங்குறாப்ல."

"யாரு?"

அவர் பக்கத்துக் கதவைக் கண்ணால் காட்டினார். வெளியே பூட்டுத் தொங்கியது, துருப்பிடித்து. அதன் படியில் ஒரு பீங்கான் கோப்பை. அதில் தேத்தண்ணி, ஆவி பறந்துகொண்டிருந்தது.

"வேலு அண்ணன்தான். நான் வந்த அன்னைக்கே இருமல் கேட்டுச்சு. வெட்டுப்பட்டுக் கெடந்தப்பவும் அப்படித்தான் இருமினாப்ல. பொழுது சாய தேத்தண்ணி வைப்பேன். காலைல பாத்தா கோப்ப காலியா இருக்கும்." நிறுத்தி, அடக்கமாகச் சொன்னார்: "அண்ணன் என்னய ஒன்னும் பண்ணல மிஸ்."

காசநோய் மாத்திரை சிலருக்கு மனதைக் குழப்பும் என்று கிளினிக் டாக்டர் சொல்லியிருந்தார். அதுதான் என்று நினைத்தேன். உள்ளே போய்ப் பொட்டலத்தைப் பார்த்தேன். மாத்திரை ஒழுங்காகக் குறைந்திருந்தது. லயத்துச் சுவர்கள் கூரை வரை போவதில்லை. மேலே ஒரு கை உயரத்துக்கு இடைவெளி இருக்கும், ஒரு காம்பராவின் பேச்சு அடுத்ததில் கேட்கும். அந்த இடைவெளியின் இருட்டை அவர் அடிக்கடி பார்த்துக்கொண்டார்.

கிளம்பும்போது வழி காட்ட என்னோடு நடந்தார். நான்கைந்து கதவு தாண்டியிருப்போம். பின்னால் இருமல் கேட்டது. அடித்தொண்டையிலிருந்து வருகிற, ஈரமான, நீண்ட இருமல். முடியாமல் இழுத்து, யாரோ துணியை வாயில் வைத்து அமுக்கியதுபோல நின்றது.

நான் சன்னாசியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என் தோளுக்குப் பக்கத்தில்தான் நின்றார். வாய் மூடியிருந்தது.

"கேட்டுச்சா மிஸ்?" என்றார். அவர் முகத்தில் பயம் இல்லை. ஒரு நிம்மதி இருந்தது.

பாதைக்கு எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னலை இழுத்து மூடினேன்.

மறுநாள் பரமநாதன் ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மப்ளரை ஒருமுறை அவிழ்த்துச் சுற்றிக்கொண்டார்.

"பிள்ளை, ஆவி இருமினால் எங்களுக்கு அதில வேலை இல்லை. ஆள் இருமினால் சளி எடுத்துப் பரிசோதிக்க வேணும். எதெண்டு பாத்திட்டு வாரும். தனியாப் போகாதையும்."

மார்பு நோய் கிளினிக்கின் சுகாதாரப் பரிசோதகர் பண்டார மாத்தியாவோடு மறுபடி ஏறினேன். சிங்களவர் (மாத்தியா என்றால் ஐயா), தோட்டம் தோட்டமாக நடந்து தமிழ் பிடித்தவர். காலை நேரம், வெயில் இருந்தது. வெயிலில் அந்த இடம் இன்னும் மோசமாக இருந்தது. மேலே மலையில் வெடிப்பு தெரிந்தது, ஒரு ஆள் இறங்கி நிற்கலாம் போல.

சன்னாசி எங்களைத் தடுக்கப் பார்த்தார். "எழுப்பாதீங்க மாத்தியா," என்றார். பண்டார மாத்தியா முகக்கவசத்தைக் கட்டிக்கொண்டு பூட்டைத் தொட்டுப் பார்த்தார். அது வருடக்கணக்கில் திறக்கப்படாத பூட்டு. பின்பக்கம் சுற்றிப் போனோம். சமைக்கிற குசினியின் கதவு வெறுமனே சாத்தியிருந்தது.

உள்ளே மண் மணம். அடுப்புக்குப் பக்கத்தில், கொழுந்துச் சாக்குகளுக்குக் கீழே, ஏதோ கிடந்தது. சாக்கு ஏறி இறங்கியது. பண்டார மாத்தியா சாக்கை விலக்கினார்.

ஒரு பெண். கன்னம் ஒட்டிப்போய், கண் மட்டும் பெரிதாக. எங்களைக் கண்டு அவள் திடுக்கிடவில்லை.

"சத்தம் போடாதீங்க," என்றாள். "அவனுக்குத் தெரிய வேணாம்."

அவள் மருதாயி. வேலுவின் மனைவி.

புது வீட்டில் அண்ணன் குடும்பத்தோடு இருந்தவள், கொழும்புப் பக்கம் வத்தளையில் மகளிடம் போகிறேன் என்று சொல்லிவிட்டு இங்கே ஏறியிருக்கிறாள். அண்ணன் அவள் வத்தளையில் இருப்பதாக நினைத்தான். மகளோ, அம்மா மாமன் வீட்டிலேயே இருப்பதாக நினைத்தாள். யாரும் தேடவில்லை. கைவிட்டுப்போன தோட்டத்தில் கிடைத்த கிழங்கும் கீரையும் பறித்து, மூட்டம் இறங்கிய பிறகு, புகை தெரியாத நேரம் பார்த்து அடுப்புப் பற்றவைத்திருக்கிறாள். இருமல் அப்போதே இருந்திருக்கிறது. ஒருநாள் அடுத்த காம்பராவில் நடமாட்டம். சுவருக்கு மேலே குரல் வந்ததும் யாரென்று தெரிந்துவிட்டது.

"எறங்கிப் போயிருக்கலாமே," என்றேன்.

"போகத்தான் நெனச்சேன். மூச்சு விடல." பிறகு, "கத்தியும் வச்சிருந்தேன் மிஸ்" என்றாள். தலைமாட்டில் இருந்தது. கவாத்துக் கத்தி, துணி சுற்றி. "ரெண்டு மூனு தரம் எந்திரிச்சேன். அப்ப பாத்து அவன் தேத்தண்ணி கொண்டாந்து வச்சுட்டு, அண்ணே குடிங்கன்னு சொல்லுவான். அவரக் கூப்பிடுறானேன்னு உக்காந்துருவேன்."

குசினி வாசலில் நிழல் விழுந்தது. சன்னாசி வந்து நின்றிருந்தார். அவளைப் பார்த்தார். மதினி என்று ஒருகாலத்தில் கூப்பிட்டிருப்பார். இப்போது அப்படியே சேற்றில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டார். அத்தனை நாளும் இறந்தவரோடு பயமில்லாமல் இருந்த மனிதர் அப்போதுதான் நடுங்கினார்.

"ஆவின்னா பரவால்ல மிஸ்," என்றார் விரல்களுக்குள்ளிருந்து. "ஆவியாவே இருந்திருக்கலாம்."

மருதாயியின் சளிப் பரிசோதனையில் நோய் உறுதியானது. அவள் கத்தியைப் பண்டார மாத்தியா கேட்டார், மறுக்காமல் கொடுத்தாள். இருவரையும் அந்த மலைக்குக் கீழே விட்டுவைக்க முடியாது. கீழ்ப் பிரிவில் பழைய பிள்ளைக் காம்பரா ஒன்று, கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகிற கட்டடம், ஆளில்லாமல் பூட்டிக்கிடந்தது. பரமநாதன் ஐயா தானே நேரில் போய்த் தோட்டத்தை நடத்தும் துரையிடம் பேசினார். இரு கோடியிலும் ஆளுக்கொரு அறை, நடுவில் வெறும் கூடம். அந்த முகவரிக்குக் கிராம சேவகர் சான்று கொடுத்தார். இருவரையும் காசநோய் உதவியில் சேர்த்தேன்.

மாத்திரையை யார் பார்ப்பது என்பது மட்டும் மிஞ்சியது. மருதாயிக்கு அவள் அண்ணன் மனைவி வருவதாகச் சொல்லி ஓரிரு நாளில் நின்றுவிட்டாள். சன்னாசிக்கு யாருமே இல்லை. கிளினிக்கில் நான் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, வாங்குப் பலகையின் ஒரு கோடியில் சன்னாசி இருக்க, மறுகோடியில் உட்கார்ந்திருந்த மருதாயி சுவரைப் பார்த்தபடி சொன்னாள்:

"அவன் முழுங்குறத நான் பாக்குறேன். நான் முழுங்குறத அவன் பாக்கட்டும். பேசச் சொல்லாதீங்க."

தாதி விவரம் எழுதத் தொடங்கினார். "மருந்து பாக்குறவங்க நோயாளிக்கு என்ன உறவு?"

"என் வீட்டுக்காரர வெட்டுனவன்."

தாதியின் பேனா நின்றது. என்னைப் பார்த்தார். சன்னாசி தரையைப் பார்த்தார்.

"பக்கத்துக் காம்பரான்னு எழுதுங்க," என்றாள் மருதாயி.

அப்படித்தான் எழுதினார்கள். யாரும் பார்க்காமல் விழுங்கிய நாட்கள் கணக்கில் வராது என்று சன்னாசிக்கும் மருந்தை முதலிலிருந்தே தொடங்கினார்கள். அதன்பிறகு ஒவ்வொரு காலையும் கூடத்தின் நடுவுக்கு இருவரும் வருவார்கள். நான் போன நாட்களில் கண்டிருக்கிறேன். ஒரு சொல் இல்லை. அவர் விழுங்கி வாயைத் திறந்து காட்டுவார். அவள் எட்டிப் பார்ப்பாள், உள்ளே வேறேதோ தேடுகிறவள் போல நெடுநேரம். பிறகு அவள் விழுங்குவாள். அவர் பார்க்க வேண்டும். தலையை நிமிர்த்த அவருக்கு ஒவ்வொரு நாளும் நேரம் எடுத்தது.

மருதாயி கொஞ்சம் தேறிய பின் ஒருநாள், தனியாக இருந்தபோது கேட்டேன்.

"அவர் வச்ச தேத்தண்ணியக் குடிச்சது நீங்கதானே?"

"சில நாள்."

"மத்த நாள்?"

"மழ பெய்ற நாள்ல நான் கதவுகிட்டயே போனதில்ல மிஸ். அன்னைக்கும் காலைல கோப்ப காலியா இருக்குன்னு அவன் சொல்லிக்கிட்டிருப்பான். சொவருக்கு மேல கேக்கும்."

"நாய் பூனை ஏதாவது..."

"அந்த மேட்டுக்கு நாய் ஏறாது." கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னாள். "இம்புட்டு கேக்குறீங்க. நான் எதுக்கு அங்க ஏறிப் போனேன்னு ஒருத்தரும் கேக்கல. புது வீட்டுல அவரு சத்தமே இல்ல மிஸ். ஒரு வருசமா காதக் குடுத்துப் பாத்தேன். அங்க போனாத்தான் கேட்டுச்சு."

நான் மேலே கேட்கவில்லை. பாதையில் இறங்கும்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன்: அன்று நான் கேட்ட இருமல் பெண்ணின் இருமலா? இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மழை தொடங்கி, ஒரு காலை மேட்டு லயம் போய்விட்டது. வெடிப்பு விழுந்த மலை முழுவதுமாக இறங்கி, தேயிலையும் கதவுகளும் ஓடைவரை கிடந்தன. உள்ளே யாருமில்லை என்று நான் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லச் சொல்ல எனக்கே ஏதோ சரியில்லை என்று பட்டது. மருதாயி அன்று மாத்திரைக்கு வந்தாள், விழுங்கினாள், அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். சன்னாசி சோற்றைக் கொண்டுபோய் அவள் அறை வாசலில் வைத்தார். அது மாலைவரை அப்படியே இருந்தது.

ஆறு மாதம் முடிந்தது. இருவருக்கும் சளியில் நோயில்லை. வத்தளையிலிருந்து மகள் வந்து மருதாயியை அழைத்துப்போக ஏற்பாடாகியிருந்தது. சன்னாசிக்குத் தோட்டத்து மரக்கறிப் பாத்தியில் சில்லறை வேலை கிடைத்திருந்தது. மாத உதவிப்படியும் சரியாகிவிட்டது. கடைசி மாத்திரையைப் பார்க்க நானும் போயிருந்தேன்.

அவர் விழுங்கினார், காட்டினார். அவள் பார்த்தாள். அவள் விழுங்கினாள், அவர் பார்த்தார். அவர் திரும்பி நடக்கத் தொடங்கினார்.

"நில்லு," என்றாள் மருதாயி.

அந்த ஆறு மாதத்தில் அவரிடம் அவள் பேசிய முதல் சொல். அவர் திரும்பாமல் நின்றார்.

"அவரு கடைசியா என்ன சொன்னாரு?"

மகள் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சன்னாசி பதில் சொல்லமாட்டார் என்றுதான் நினைத்தேன். வெளியே கொழுந்து லொறி ஒன்று உறுமி ஏறிப் போனது. அது போய் முடிந்தபிறகு சொன்னார்.

"ஒன்னும் சொல்லல. சிரிச்சாப்ல."

"சிரிச்சாரா?"

"வெட்டு விழுந்தது அண்ணனுக்குத் தெரியல. நான் ஓங்குனத வெளயாட்டுன்னு நெனச்சுக்கிட்டாப்ல. என்னயப் பாத்துச் சிரிச்சாப்ல. தன் கையில ரத்தத்தப் பாத்தப்புறமும் கொஞ்ச நேரம் சிரிப்பு நிக்கல. நான் பண்ணியிருக்க மாட்டேன்னு அவ்ளோ நம்பிக்க."

மருதாயி கூடத்தின் நடுவில் அசையாமல் நின்றாள். அவள் அழுவாள் என்று மகள் நெருங்கினாள். அவள் அழவில்லை. கண் எங்கோ, நாங்கள் யாரும் இல்லாத ஒரு பக்கத்தில் நிலைத்திருந்தது. முகத்தில் மெதுவாக ஏதோ தளர்ந்தது.

"ஆமா," என்றாள். "அவரு அப்படித்தான்."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மகளிடமிருந்து பையை வாங்கி, பஸ்ஸுக்கு நடந்தாள்.